ஹீட்டருக்குப் பெயிண்ட் அடித்த பொங்கல்

மாமனார் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் மருமகன்களுக்கு ஒரு வியாதி வரும். அதுவரை கண்ணில் படாத ஒட்டடை கண்ணில் படும். கழன்று தொங்கும் கதவுக் கொண்டி உறுத்தும். வருஷக்கணக்காக ஒழுகும் குழாயைப் பார்த்து, இதை எப்படி இத்தனை நாள் விட்டுவைத்தோம் என்று புதிதாக வியப்பு வரும். விவரமானவர்கள் பிளம்பரைக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் பொங்கல் அது. டெல்லி மோதி பாகில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஓர் அமைச்சகத்தில் வேலை. (கோப்பைத் திறந்து பார்த்து, மேலே அனுப்புவது. கை வேலை எதுவும் எனக்குப் பழக்கமில்லை என்பது தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.) நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. மனைவி சுபா தென்காசிக்காரி. வந்த வேகத்தில் இங்கே ஒரு பள்ளியில் வேலை வாங்கி, பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். சுபாவுக்கு அந்த வழக்கத்தோடு ஒன்றும் சண்டையில்லை. ஆனால் மார்ச்சில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. அது முடிந்து கிளம்பலாம் என்றால் ஒன்பதாம் மாதத்தில் அவ்வளவு நீண்ட ரயில் பயணம் கூடாது. இப்போதே கிளம்பினால் பிள்ளைகளைப் பாதியில் விட வேண்டும்.

"இதுகளுக்கு வீட்ல தமிழ் சொல்லிக் குடுக்க யாரு இருக்கா? அப்பா அம்மாவே இந்திலதான் பேசுதாவ. நான் இப்ப போனா அத்தனையும் அந்தரத்துல நிக்கும்" என்பாள். ஆகவே பிரசவத்தை டெல்லியிலேயே வைத்துக்கொள்வது, அவளுடைய அம்மா இங்கே வந்து பார்த்துக்கொள்வது என்பது அவள் கட்சி. எனக்கும் அதுதான் ஆசை.

மாமனார் சண்முகவேலு போனில் தீர்ப்பைத் தள்ளிவைத்தார். "டெல்லிக் குளிரு மனுசனக் கொல்லுமாம்லா. பொங்கப்படி கொண்டுக்கிட்டு நானே வாரேன். வீடு கதகதப்பா இருந்தா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்." திரும்புவதற்கு இரண்டு டிக்கெட்டாக எடுத்துவிட்டார் என்ற உபரித் தகவல் மாமியார் வழியாக வந்து சேர்ந்தது.

ஆக, சுபாவின் பத்தாம் வகுப்பு மொத்தமும் எங்கள் வீட்டு ஹீட்டரை நம்பி இருந்தது.

டெல்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புத் தகடுகளை ரொட்டித் துண்டுகளைப்போல வரிசையாக நிறுத்தி, உள்ளே எண்ணெயை விட்டு மூடி, கீழே சக்கரம் மாட்டியிருப்பார்கள். மின்சாரத்தில் எண்ணெய் சூடாகி, தகடு சூடாகி, அறை மெல்ல மெல்லச் சூடாகும். எங்களிடம் இருந்தது மாற்றலாகிப் போன ஒருவர் விட்டுச் சென்றது. வேலை நன்றாகத்தான் செய்தது. ஆனால் முதுகெல்லாம் துரு. டெல்லிப் பனியில் துணி காயாது. ஜட்டி, பனியன், துண்டு என்று கைக்குக் கிடைத்த ஈரத்துணியை எல்லாம் நான் அதன் மேல்தான் போடுவேன்.

"ஈரத்தப் போடாதிய, ஈரத்தப் போடாதிய. அதான் துரு ஏறுது" என்று சுபா சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் அச்சா அச்சா என்று சொல்லிக்கொண்டே போடுவேன்.

மாமனார் வருவதற்கு முதல்நாள் அந்தத் துரு என் கண்ணை உறுத்தியது. கதகதப்பைச் சோதிக்க வருகிற மனிதர் முதலில் பார்க்கப்போவது இந்தச் சொறிபிடித்த இரும்பைத்தானே! இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், சுவரோடு பதித்த ஹீட்டருக்குப் பெயிண்ட் அடிக்கும் வீடியோ கிடைத்தது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினார். காய வைத்தார். பிறகு உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்தப் பகுதியை விரலால் தள்ளிவிட்டேன். பின்னால் ஏதோ செந்நிறப் பூச்சு ஒன்றைப் பூசினார், அதையும் தள்ளினேன். கடைசியில் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டுச் சிரித்தார். அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

பக்கத்தில் முனிர்காவில் ஒரு பெயிண்ட் கடை. "கிஸ் பே லகானா ஹை?" (எதன்மேல் அடிக்கணும்?) என்று கடைக்காரர் கேட்டார்.

"லோஹே பே" என்றேன். இரும்புதானே. அந்த இரும்பு சூடாகும் என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட், கிரில்லுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்டைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சுபா பள்ளியிலிருந்து வந்தபோது ஹீட்டர், கோயில் வெள்ளிக் கவசம்போல ஜொலித்தது. துருவைச் சுரண்டவில்லை. அதன் மேலேயே மூன்று கோட்டு அடித்திருந்தேன், ஒன்று காய்வதற்குள் அடுத்தது.

"சுரண்டுனியளா?" என்றாள் சுபா.

"எல்லாம் ஆச்சு" என்றேன்.

"காஞ்சிருச்சா?"

"காலைக்குள்ள காஞ்சிடும். நீ டென்ஷன் ஆகாத." வெளியே, எதிர்வீட்டு விளக்குக்கூடத் தெரியாத பனி. அந்தப் பனியில் பெயிண்ட் காயும் என்று நம்ப ஒரு தனி மனம் வேண்டும். அது எனக்கு இருந்தது. போதாததற்கு ஹீட்டரைப் படம் பிடித்து, சுபா வீட்டு வாட்ஸாப் குழுவில் போட்டேன். கீழே 'புது ஹீட்டர் ரெடி' என்று எழுதினேன். (யாரும் கேட்கவில்லை. பீற்றல்தான்.) மாமனார் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். அதைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

மறுநாள் பனியால் ரயில் தாமதம். மாமனார் குரங்குக் குல்லாய்க்குள் இரண்டு கண்களாக வந்து இறங்கினார். பொங்கப்படிச் சீராக வெண்கலப் பானை, மஞ்சள் குலை, ஒரு கட்டு பனங்கிழங்கு, கூடவே இரண்டாக வெட்டிச் சாக்கில் கட்டிய கரும்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் சுபாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, கை கால்லாம் சில்லுன்னு இருக்கே" என்றார்.

"இருங்க மாமா" என்று நான் வித்தைக்காரன்போல முன்னால் வந்தேன். நாற்காலியை ஹீட்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். பக்கத்தில் சுபாவை உட்காரவைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

முதலில் இதமான சூடு வந்தது. மாமனார் கைகளை நீட்டிக் காய்ந்தார். "பரவால்லியே" என்றார். நான் சுபாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அடுத்து ஒரு வாடை வந்தது. அதற்கு அடுத்துப் புகை.

"என்ன மாப்ளே, எங்கயோ ரப்பர் கருகுதே" என்றார்.

"அது... புதுசுன்னா முதல் நாள் அப்படித்தான் மாமா. கம்பெனி வாடை."

கம்பெனி வாடை கண்ணைக் கரித்தது, தொண்டையைப் பிடித்தது. சுபா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து வீட்டிலிருந்த ஜன்னல்கள் அத்தனையையும் தடதடவென்று திறந்தார். ஜனவரி மாத டெல்லி, அழைப்புக்குக் காத்திருந்ததுபோல உள்ளே வந்தது. கதகதப்பைச் சோதிக்க வந்தவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்க, ஆறு மாதக் கர்ப்பிணி அவர் தோளில் சாய்ந்துகொண்டு நடுங்க, நான் ஹீட்டரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாடை தீரும்வரை வெளியிலேயே ஓடட்டும் என்று நீள ஒயர் மாட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். அன்று பகல் முழுக்க அது மோதி பாகின் பனியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

இங்கே, அப்போது நான் பார்க்காமல் போன ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமனாருக்கு ஒரு பழக்கம். தன் வேட்டியைத் தானேதான் துவைப்பார். மகள் கேட்டாலும் கொடுக்க மாட்டார். பொங்கலன்று உடுத்துவதற்கென்று கொண்டுவந்த கரை வேட்டி ரயிலில் கசங்கி அழுக்காகிவிட்டது. குளிக்கும்போது அதைத் துவைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கொடியில் எங்கள் துணிகள் நேற்று, முந்தாநாள் ஈரத்தோடு தொங்கின. கீழே சூடாக, சும்மா, ஓர் ஆளும் இல்லாத இடத்தில் ஒரு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாடை போன பிறகும் பால்கனியில் ஹீட்டரை வேறு எதற்கு ஓடவிடுவார்கள்? மருமகன் நம் வேட்டிக்காகத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று முடிவுகட்டினார். வேட்டியை நாலாக மடித்து அதன் மேல் விரித்தார். அந்தி மங்கலில், நன்றாகக் காய்ந்ததும் எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டிமேல் வைத்தார். பால்கனி பல்ப் ஃபியூஸ் போயிருந்தது. (அதுவும் நான் மாற்ற வேண்டியதுதான்.)

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, உள்ளதச் சொல்லுதேன். ஒங்களப் பத்தி நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன். டெல்லில வளந்த பிள்ள, நம்ம பழக்க வழக்கம்லாம் என்ன தெரியப்போவுதுன்னு. ஆனா வாயத் தொறந்து கேக்கதுக்கு முன்னாலயே குறிப்பறிஞ்சு செஞ்சிட்டிய."

எதைச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் மாமனார் வாயிலிருந்து வரும் பாராட்டைக் குறுக்கு விசாரணை செய்ய எந்த மருமகனுக்கு மனம் வரும்? "இதுல என்ன இருக்கு மாமா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாகச் சொன்னேன்.

அவர் சுபாவைப் பார்த்தார். "சரிட்டி. நீ இங்கயே இருந்துக்கோ. இந்தப் பிள்ள ஒன்னப் பாத்துக்கிடும். அம்மைய மாசி கடைசில அனுப்பி வைக்கேன். அந்த டிக்கெட்ட நாளைக்குக் கேன்சல் பண்ணச் சொல்லுங்க மாப்ளே."

சுபா எழுந்தாள். உள்ளே போய் விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தாள். அவள் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று இரவு ஹீட்டர் இல்லாமலே, பஞ்சு ரஜாய்க்கு மேல் ரஜாய் போட்டுக்கொண்டு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் பொங்கல். குவார்ட்டர்ஸ் பூங்காவில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பொங்கல் வைப்பது வழக்கம். மாமனார் குளித்து, நெற்றியில் மூன்று பட்டை விபூதி இட்டு, அறை விளக்கைக்கூடப் போடாமல் கரை வேட்டியை உடுத்தினார். குளிருக்காக என்னுடைய நீளமான ஓவர்கோட்டை மாட்டிவிட்டேன். அது அவருக்கு முழங்கால்வரை வந்தது. அப்படியே கூட்டிக்கொண்டு போனோம்.

ஏற்பாடெல்லாம் எங்கள் மாடிவீட்டு சங்கரன் சார். புதிதாக யார் கிடைத்தாலும் அவர்களை முன்னால் தள்ளிவிடுவது அவர் வழக்கம். "ஊர்லேர்ந்து பெரியவர் வந்திருக்கார். இந்த வருஷம் இவர்தான் சூரியனுக்குக் கற்பூரம் காட்டணும்" என்று அறிவித்தார். மாமனாருக்கு உச்சி குளிர்ந்தது. கோட்டு போட்டுக்கொண்டா சாமி கும்பிடுவது? கழற்றி என் கையில் கொடுத்தார். துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டார். பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று குரல் எழும்ப, பெண்கள் குலவையிட ஆரம்பித்தார்கள். மாமனார் பானைக்குக் கற்பூரத்தைக் காட்டிவிட்டு, "கெழக்கு எது?" என்று கேட்டார். பனியில் சூரியன் இருக்கிற அடையாளமே இல்லை. சங்கரன் சார் குத்துமதிப்பாக ஒரு பக்கம் கையைக் காட்டினார். மாமனார் அந்தப் பக்கம் திரும்பி, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

குலவை பாதியில் நின்றது.

முன்னால் நெற்றியில் மூன்று பட்டை. பின்னால், இடுப்புக்குக் கீழே, ஏழு பட்டை. பளபளக்கும் வெள்ளிப் பட்டைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் துருவின் செம்பழுப்புக் கரை. ஹீட்டரின் தகடுகள் அத்தனையும் இடைவெளி தப்பாமல் அந்த வேட்டியில் பதிந்திருந்தன. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. நேற்று நான் வாங்கிக்கொண்ட பாராட்டு எதற்கானது என்பதும்தான்.

"மம்மி தேக்கோ, ஜீப்ரா கிராஸிங்!" (மம்மி பாருங்க) என்று ஏதோ ஒரு குழந்தை கத்தியது. பூங்கா முழுக்கச் சிரிப்பு. சங்கரன் சார் பானையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மாமனார் எழுந்தார். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவரும் சிரித்தார். அடுத்து, பானையை வலம் வர ஆரம்பித்தார். நான் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். அவர் திரும்பும் பக்கமெல்லாம் நானும் திரும்பினேன். அவர் நின்றால் நின்றேன். குனிந்தால் கோட்டோடு குனிந்தேன். மருமகன் மாமனாருக்குப் பின்னால் கோட்டு பிடிப்பது தென்காசிப் பக்கத்துச் சடங்கா என்று ஒரு அம்மாள் பயபக்தியோடு கேட்டாள். கூட்டத்தில் நான் சுபாவைத் தேடினேன். எல்லாரும் சிரித்த இடத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் வேட்டியை மாற்றினார். பிறகு அந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். ஊர் சிரித்ததற்காகத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பட்டையை விரலால் தடவினார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"நேத்து வீட்டுக்குள்ள வந்தது இந்த வாடைதான, மாப்ளே?"

"ஆமா மாமா."

"புது ஹீட்டர்னு சொன்னிய."

நான் பால்கனிப் பக்கம் பார்த்தேன்.

"வேட்டி போனா மயிராச்சி. ஊருல நாலு பேரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். ஆனா வயித்துல பிள்ளையோட இருக்கவள, காயாத பெயிண்ட்டுப் புகையில உக்கார வச்சிருக்கியளே. எனக்குப் பயமா இருக்கு மாப்ளே." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "துணிமணிய எடுத்து வைட்டி, சுபா" என்றார்.

சுபா என்னைப் பார்த்தாள். அவளுக்காக நான் பேச வேண்டிய நேரம் அது. 'தப்பு என்னுடையது மாமா, என் வறட்டுக் கௌரவத்துக்கு அவளைத் தண்டிக்காதீர்கள், நாளைக்கே நல்ல ஹீட்டர் வாங்கிவிடுகிறேன், அவளுடைய பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது' என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது கோர்வையாக வருகிறது. அன்று அவள் அத்தனை நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் சொன்னது இது:

"டர்பன்டைன் போட்டுத் துவைச்சா போயிடும் மாமா."

சுபா திரும்பி உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இன்றைக்கும் என்றாவது தூக்கம் வராமல் புரளும்போது எனக்குக் கேட்பது அந்த அலமாரிச் சத்தம்தான். பூங்காவே சேர்ந்து சிரித்த சிரிப்புகூட இல்லை.

அந்த இரண்டாவது டிக்கெட்டை நான் கேன்சல் செய்யவில்லை. (செய்ய நேரமில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் சோம்பல் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.) ரயில் கிளம்பும்போது சுபா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டை வைத்திருந்தாள். கையசைத்துவிட்டுத் தாளைத் திருத்தக் குனிந்துகொண்டாள். மார்ச் வரை தென்காசி வீட்டிலிருந்து தினமும் போனில் பாடம் எடுத்தாள். எல்லாரும் தேறினார்கள். அதில் எனக்குப் பங்கில்லை. ஏப்ரலில் அங்கேயே எங்களுக்கு மகள் பிறந்தாள்.

மாமனார் அந்த வேட்டியைத் தூக்கிப் போடவில்லை. ஊரில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரித்துக் காட்டினார். கோபம் எப்போது சிரிப்பாக மாறியது என்று தெரியாது. தென்காசியில் என் பெயர் 'பெயிண்டர் மாப்ளே'. கல்யாண வீட்டில் யாராவது சுவரோரம் சாய்ந்தால், "பாத்துப்பா, பெயிண்டர் மாப்ளே வந்திருக்காவ" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். சுபாவும் இப்போதெல்லாம் சிரிக்கிறாள். அவள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். இந்தி வெள்ளமாகக் கொட்டும். வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் டெல்லி, நொய்டா, குருகிராம் என்று சொல்லியிருக்கின்றன. இவள் எழுந்து, தென்காசி என்றிருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "பாப்பா நே ஹீட்டர் பே பெயிண்ட் கியா தா, இஸ்லியே" (அப்பா ஹீட்டருக்குப் பெயிண்ட் அடிச்சாங்க, அதனால) என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லி, குழந்தை ஏதோ கற்பனை செய்கிறது, வீட்டில் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றார்.

"கற்பனை இல்லை மேடம்" என்றேன். "அவள் அங்கே பிறந்த காரணத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"அச்சா," என்றார், "தோ வோ ஆப் ஹீ ஹைங்?" (அந்த ஆள் நீங்கதானா?)

"ஜி" என்றேன்.